பர்கூர் இசிஇ எப்படி முடிவானது: ஒரு மாணவியின் கவுன்சிலிங் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரிமங்கலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கிருந்து எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து படித்து, போன கல்வியாண்டில் பிளஸ் டூ முடித்த மாணவி ஒருத்திக்கு நாலைந்து பக்கத்திலிருந்து ரிசல்ட் வந்தது. ஒன்று கிடைத்தது, ஒன்று பாதி கிடைத்தது, ஒன்று கிடைக்கும் போலிருந்து கைநழுவியது. கடைசியில் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங், என்று அந்த வீடு எப்படி முடிவெடுத்தது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். நான் அவளுக்கு இயற்பியல் நடத்திய ஆசிரியை. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான். அலாட்மெண்ட், அதாவது இந்தக் கல்லூரியில் இந்தப் பிரிவு என்கிற ஒதுக்கீடு, வந்த அன்றைக்கு வீடே கூடி உட்காருகிறது, மாமன் மச்சான் எல்லாருக்கும் போன் போகிறது. ஆனால் அன்றைக்கு முடிவெடுக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பெரிய முடிவு அதற்கு முன்னாலேயே, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாக விருப்பப் பட்டியல் போடுகிற அந்த மூன்று நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த மூன்று நாளில் பிள்ளையோடு உட்கார வீட்டில் ஆள் இருப்பதில்லை.

மார்க்கும் வீடும்

பயோ-மேக்ஸ் குரூப், தமிழ் வழி. கணக்கில் 84, இயற்பியலில் 85, வேதியியலில் 89, உயிரியலில் 93. இன்ஜினியரிங் கட்-ஆஃப்புக்குக் கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, 84, 42.5, 44.5, ஆக 200-க்கு 171. வேளாண்மைக்கு நான்கு பாடத்திலும் பாதி எடுத்துக் கூட்டினால் 175.5. நீட்டில் தகுதி மார்க்கைத் தாண்டிவிட்டாள். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் முந்தைய ஆண்டு கடைசியாக எம்பிபிஎஸ் கிடைத்த மார்க்குக்கு அவள் எடுத்தது கீழே இருந்தது. ரொம்பக் கீழே என்றால் யாரும் ஆசைப்பட மாட்டார்கள். கொஞ்சம் கீழே என்பதுதான் வீட்டைப் படுத்திவிட்டது.

அப்பா அடுத்தவர் மினி லாரிக்கு டிரைவர். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போவார், லோடு இறங்கி அவர் வீடு திரும்ப எந்த நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. அம்மா மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறார். சீசன் முடிந்தால் காட்டு வேலை. அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். தங்கச்சி பத்தாவது. இந்த வீட்டில் இதுவரை பட்டப்படிப்பு யாரும் படித்ததில்லை.

மாம்பழ சீசனும் கவுன்சிலிங்கும் ஒரே நேரத்தில் வருவதை இந்த மாவட்டத்துக்காரர்கள் தவிர வேறு யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். ஃபேக்டரி ஓடுகிற மாதங்களில்தான் வீட்டுக்கு நாலு காசு வருகிறது, அதே மாதங்களில்தான் அம்மா பகலில் தூங்கி இரவு ஷிப்ட் போகிறார், அதே மாதங்களில்தான் பிள்ளையின் படிப்பு முடிவாகிறது. சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்கும் விஏஓ ஆபீசுக்கும் அலைய வேண்டியிருந்த நாட்களில் அந்தப் பொண்ணு தனியாகத்தான் அலைந்தாள்.

ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வொரு தேதி

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. எல்லா ரிசல்ட்டும் கையில் வந்த பிறகு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்பார்கள். அப்படி எல்லாம் ஒன்றாக வராது. முதலில் அரசுக் கலைக் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும். அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் இன்ஜினியரிங் கவுன்சிலிங் சுற்றுச் சுற்றாக வரும். வேளாண்மைக்குத் தனிக் கவுன்சிலிங். மருத்துவக் கவுன்சிலிங்கின் சுற்றுகள் அதற்கெல்லாம் பிறகும் இழுக்கும். பிள்ளை எதை முதலில் விரும்புகிறதோ அது கடைசியில் வருகிறது, எதைக் கடைசியாக வைத்திருக்கிறதோ அது முதலில் வந்து "சேருகிறாயா, இல்லையா, பணத்தைக் கட்டு" என்று கேட்கிறது.

இவளும் அப்படித்தான் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கில் சேர்ந்துவிட்டாள். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், எதுவும் வரவில்லை என்றாலும் ஒரு டிகிரி கையில் இருக்கும். நல்ல முடிவு. மற்ற எல்லாவற்றுக்கும் தைரியமாகக் காத்திருக்க முடிந்தது என்றால் அந்த ஒரு சீட் இருந்ததால்தான்.

ஆனால் அதில் சேர்ந்ததும் டிசி, மார்க் ஷீட் எல்லாம் அங்கே கொடுத்தாகிவிட்டது. உடனே ஊரில் ஒருவர், "டிசி குடுத்துட்டா அவ்வளவுதான், வேற எங்கயும் சேர முடியாது" என்று கிளப்பிவிட்டார். அம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். அப்படி இல்லை. ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் உயர்கல்வியைக் கண்காணிக்கிற மத்திய அமைப்புகளான யுஜிசி, ஏஐசிடிஇ இரண்டுமே கல்லூரிகளுக்கு விதி போட்டிருக்கின்றன. பிறகு இன்ஜினியரிங் சீட் வந்தபோது அலாட்மெண்ட் ஆர்டரைக் காட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள், கல்லூரியில் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மே மாதத்திலிருந்தே ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங், டொனேஷன் கிடையாது, பேங்க் லோன் நானே வாங்கித் தருகிறேன், ஒரிஜினலை மட்டும் இப்போதே கொடுங்கள் என்று. இந்த எல்லையோர மாவட்டங்களில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து இப்படிப்பட்டவர்கள் ஊர் ஊராக வருவது வழக்கம். படிப்பு மோசம் என்று நான் சொல்ல வரவில்லை, நர்சிங் நல்ல படிப்பு. தமிழ்நாட்டிலேயே பிளஸ் டூ மார்க்கை வைத்து அரசு நடத்துகிற கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. நர்சிங் சேரலாம், அதற்கு நீட்டும் வேண்டாம். இதை அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை. கல்லூரியின் பெயரைக் கூட எழுதிக் கொடுக்காத ஒருத்தர் ஒரிஜினல் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் நான் சொன்னேன். அப்பா கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் உறுதியாக நின்றதால்தான் மற்றது எல்லாம் நடந்தது.

ஒரு வருஷம் திரும்ப எழுதுவது

நீட்டை இன்னொரு முறை எழுதலாமா என்ற பேச்சு ஜூன் கடைசியில் வந்தது. நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று சொன்னார்களாம். திரும்ப எழுதினாலும் 7.5 சதவீத ஒதுக்கீட்டு உரிமை போகாது, ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். அப்படித் திரும்ப எழுதி எம்பிபிஎஸ் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் இதை எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை.

ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு பொண்ணு ஒரு வருஷம் கல்லூரி எதிலும் பெயர் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று இங்கே வேலை பார்க்கிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தை வீட்டுக்கு வந்திருந்தபோது நானும் இருந்தேன். "ஒரு வருஷம் சும்மாதான இருக்கப் போறா, பையனுக்கும் வயசு ஆகுது, பேசி முடிச்சு வச்சுக்கலாம், படிப்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முறைப்பையன் இருக்கிற வீட்டில் சாதாரணமாகப் பேசுகிற பேச்சு அது. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது கூட முடியவில்லை. பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம் செய்துவைப்பது இன்னும் முழுசாக நிற்காத மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். பையன் திரும்ப எழுதினால் ஒரு வருஷம் போகும், அவ்வளவுதான். பொண்ணு திரும்ப எழுதினால் அந்த ஒரு வருஷத்தில் வேறு ஒரு முடிவு தானாக நடந்துவிடலாம்.

அம்மா அத்தையிடம் ஒன்றும் பேசவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம், "எதுலயாச்சும் சேர்ந்துட்டான்னு சொல்லிட்டா இந்தப் பேச்சு வராது டீச்சர்" என்றார். எம்பிபிஎஸ் கிடைக்குமா கிடைக்காதா என்பதை விட அந்த வீட்டுக்கு முக்கியமான காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. ஆகவே திரும்ப எழுதுவதாக இருந்தாலும் ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதட்டும், வீட்டில் உட்கார வேண்டாம் என்று பேசி வைத்தோம்.

7.5 சதவீதம் என்ன செய்கிறது

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் வருகிற இன்ஜினியரிங் சீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும்.

கவுன்சிலிங்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுப் பிரிவிலும் 7.5-லும் தனித்தனியாக இடம் பார்க்கப்படும். பொதுப் பிரிவில் வந்த இடத்தை எடுத்தால் இந்தக் கட்டணச் சலுகை கிடையாது. வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவருக்குத் தருகிற முதல் பட்டதாரி சலுகை கழிந்தது போக மீதியைக் கட்ட வேண்டும். தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் உள்ள படிப்பாக இருந்தால் 55,000. அது படிப்புக் கட்டணம் மட்டும். ஹாஸ்டல், பஸ், மற்றது எல்லாம் தனி. இந்த வீட்டு வருமானத்துக்கு 7.5 தவிர வேறு வழி யோசிக்கவே முடியாது. இத்தோடு, ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்த பொண்ணு என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஆயிரம் என்ன செய்யும் என்பது கையில் காசில்லாமல் படித்தவர்களுக்குத் தெரியும்.

இலவசம் என்றாலும் எல்லாக் கல்லூரியிலும் ஒரே மாதிரி இல்லை. இவளுடைய பெரியப்பா மகன் முந்தைய வருஷம் இதே ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். யூனிஃபார்ம், டிரெயினிங், லேப், டெபாசிட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள். ரசீது கேட்டால் சரியாகக் கொடுக்கவில்லை. அவர்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். இது இந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது, பிறகு கம்ப்யூட்டரில் பட்டியலைப் போட்டுக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பட்டியல் போட்ட சாயங்காலம்

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இரண்டாம் சுற்றில் இவளுக்கு முறை வந்தது. விருப்பப் பட்டியல் போட மூன்று நாள். முதல் நாள் சர்வர் மெதுவாக இருந்தது. இரண்டாம் நாள் அப்பா கோயம்பேட்டில் இருந்தார், ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும், அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். வாசல் வரை பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கையில் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள் இருந்தது. பள்ளியில் வைத்து நானும் அவளும் எழுதிய பட்டியல். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ், அதே கல்லூரியில் இசிஇ, அப்புறம் செட்டிக்கரையில் இருக்கிற தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரியில் அதே இரண்டு பிரிவும், பிறகு சேலம் கருப்பூர் அரசுக் கல்லூரி, அதன் கீழே மற்றவை. அவளுக்கு எந்த வரிசையில் பிடித்ததோ அந்த வரிசை. இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசையை மாற்றக் கூடாது, பிடித்ததை மேலே போட்டால் நஷ்டம் எதுவும் கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும், உன் ரேங்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுக்கும், அவ்வளவுதான் கணக்கு.

சென்டரில் பட்டியல் போட்டுக் கொடுக்கிறவர் தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஃப்ரீ சீட்ட வச்சுக்கிட்டு யாராவது அரசுக் கல்லூரிய மேல போடுவாங்களா, கோயமுத்தூர்ல பெரிய பெரிய காலேஜ் இருக்கு" என்று சொல்லி, முன்னால் வந்த வேறொரு பையனுக்குப் போட்டிருந்த பட்டியலிலிருந்து இரண்டை எடுத்து மேலே வைத்துவிட்டார். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் சிஎஸ்இ, இன்னொரு தனியார் கல்லூரியில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். அதன் கீழே இவளுடைய பட்டியல். அவரும் உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார், நாற்பது பேர் காத்திருக்கும்போது ஒவ்வொருவருக்கும் அவர் ஒதுக்க முடிந்தது சில நிமிஷம்தான். பதினேழு வயதுப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் "வேண்டாம் அண்ணா, நான் எழுதினது மாதிரியே போடுங்க" என்று சொல்லவில்லை. லாக் ஆகிவிட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பர்கூரிலோ செட்டிக்கரையிலோ இருக்கிற கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போயிருந்தால் காசு வாங்காமல் உட்காரவைத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அம்மா ஃபேக்டரியில், அப்பா ரோட்டில். தனியாக அவ்வளவு தூரம் போகச் சொல்ல வீட்டில் மனசு வரவில்லை.

அலாட்மெண்ட்

7.5-ல் வந்தது பர்கூர் இசிஇ. பொதுப் பிரிவில் வந்தது கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஒரு தனியார் கல்லூரி, இலவசம் கிடையாது, அதை யாரும் யோசிக்கவில்லை.

உறுதி செய்ய இரண்டு நாள் டயம். இதில்தான் வீடு முழுக்கக் குழம்பியது. ஸ்கிரீனில் வருகிற தெரிவுகள் இப்படி: கிடைத்ததை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். ஏற்றுக்கொண்டு, மேலே இருக்கிற விருப்பம் காலியானால் அங்கே போகிறேன் என்று சொல்லலாம், அதற்குப் பெயர் அப்வர்டு. கிடைத்தது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் போதும் என்றும் சொல்லலாம். வேண்டாம், அடுத்த சுற்றில் பார்க்கிறேன் என்றும் சொல்லலாம். மொத்தமாக வெளியேறவும் செய்யலாம்.

அண்ணன் ஓசூரிலிருந்து வந்துவிட்டான். அப்வர்டு கொடுத்தே ஆக வேண்டும் என்றான். "டீச்சர், எங்க கம்பெனி லைன்ல வந்து பாருங்க, இசிஇ படிச்சவங்க நிக்கிறாங்க. பி.இ. முடிச்சுட்டு எனக்குப் பக்கத்துல நின்னு ஸ்க்ரூ போடுறாங்க. சிஎஸ்இ போனாதான் வெளிய வர முடியும்" என்றான். இதைச் சும்மா சொல்கிறான் என்று ஒதுக்கிவிட முடியாது. அவன் தினமும் கண்ணால் பார்ப்பது அது. ஓசூரிலும் அதைச் சுற்றியும் எலக்ட்ரானிக்ஸ் தொழில் பெருகியிருக்கிறது, பர்கூர், போச்சம்பள்ளி பக்கமும் ஃபேக்டரிகள் வந்திருக்கின்றன. இன்ஜினியர் வேலையும் இருக்கிறது, ஆபரேட்டர் வேலை அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. டிகிரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேட்டராக நிற்கிறவர்கள் உண்டு. அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அவர்கள் எல்லாரும் எந்தக் கல்லூரி, அரியர் இல்லாமல் முடித்தவர்களா, இன்டர்வியூவில் பேச வருமா? அவன் யோசித்துவிட்டு, இரண்டு பேர் அரியர் வைத்திருக்கிறார்கள், மற்றவர்களைத் தெரியாது என்றான். மறைக்காமல் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னேன். பெரிய ஐடி கம்பெனிகள் கேம்பஸுக்கு வரும்போது இசிஇ, இஇஇ பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். புரோகிராமிங் கற்றுக்கொண்டால் இசிஇ-யிலிருந்து சாஃப்ட்வேருக்குப் போகலாம். சிஎஸ்இ படித்தவர் சிப் வடிவமைக்கிற விஎல்எஸ்ஐ, கருவிக்குள்ளேயே கம்ப்யூட்டரைப் பொருத்துகிற எம்பெடட் பக்கம் வருவது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆனால் முக்கியமான விஷயம் அது கூட இல்லை. பிரிண்ட் எடுத்த பட்டியலை மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. மேலே மூன்று இருந்தது: கோவை சிஎஸ்இ, கோவை ஏஐ, பர்கூர் சிஎஸ்இ. அப்வர்டு கொடுத்தால் இந்த மூன்றில் எது காலியானாலும் கம்ப்யூட்டர் தானாக அங்கே தூக்கிப் போட்டுவிடும், பர்கூர் இசிஇ கையை விட்டுப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மூன்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த நேரத்தில் சொல்ல இடமே கிடையாது. அவளைக் கேட்டேன். "மேல இருக்கிற ரெண்டும் நான் போட்டது இல்ல டீச்சர். பர்கூர் சிஎஸ்இ வந்தா நல்லாயிருக்கும்" என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்று, அதை அடைய வேண்டாத இரண்டின் வழியாகப் போக வேண்டும். பட்டியலை மாற்ற முடியாது.

அப்பா கேட்டார், கோயமுத்தூர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே, அதிலென்ன கெடுதல் என்று. நியாயமான கேள்வி. அந்த இரண்டு கல்லூரியைப் பற்றியும் அன்று இரவு உட்கார்ந்து பார்த்தோம். நாக் என்பது கல்லூரி முழுவதற்கும் கொடுக்கிற தரம், என்பிஏ என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் கொடுப்பது. கல்லூரி விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பெரிசாகக் காட்டுவார்கள். சிஎஸ்இ-க்கு என்பிஏ இருந்தது, ஆனால் மற்றதில் ஏஐ பிரிவு புதுசு, அதற்கு இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுக்குச் சொந்தத் தேர்வு என்பதால் அதில் தேடினாலும் கிடைக்காது. இரண்டுமே தன்னாட்சி. பிளேஸ்மெண்ட் பக்கத்தில் ஒருவருக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தைப் படத்தோடு போட்டிருந்தார்கள், அந்தப் பிரிவில் எத்தனை பேர் படித்து எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று இல்லை. அதுதான் வீட்டுக்குத் தேவைப்பட்ட தகவல்.

அம்மா பேசியது கடைசியில்தான். பெரியப்பா மகன் விஷயத்தைச் சொன்னார். "கோயமுத்தூர்ல ஏதாச்சும் கேட்டாங்கன்னா நான் எங்க போறது, சீசனும் முடியப் போகுது. பர்கூருன்னா ஞாயித்துக்கிழமை சாப்பாடு எடுத்துக்கிட்டு நானே போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்." அரசுக் கல்லூரியில் கட்டணமே கொஞ்சம்தான், உதவித் தொகை வரத் தாமதமானாலும் வீடு தாங்கும். பெண்கள் விடுதி இருக்கிறது. 1994-ல் தொடங்கிய கல்லூரி, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கேட்டால் உண்மையைச் சொல்ல ஆள் கிடைக்கும்.

நான் என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. இந்தப் பொண்ணுக்கு, இந்த வீட்டுக்கு, பர்கூர் இசிஇ-தான் சரி என்று சொன்னேன். வேறு ஒரு வீடாக இருந்தால், அப்பா அம்மா அடிக்கடி போய்வர முடிகிற, கையில் கொஞ்சம் பணம் இருக்கிற வீடாக இருந்தால், கோவை சிஎஸ்இ-யை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் கல்லூரி மோசமானது இல்லை. பர்கூர் சிஎஸ்இ-க்கான வாய்ப்பை விடுகிறோம் என்பதையும் அவளிடம் நேராகச் சொன்னேன், பிறகு வருத்தம் வரக் கூடாது என்பதற்காக. இரண்டாம் நாள் மத்தியானம் அவளே மொபைலில் "ஏற்றுச் சேர்கிறேன்" என்பதை அழுத்தினாள். அண்ணன் பேசாமல் எழுந்து ஓசூர் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

சேர்ந்த பிறகு

வேளாண்மையில் இவள் பெயர் காத்திருப்புப் பட்டியலோடு நின்றுவிட்டது. மருத்துவக் கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்திருந்தோம், அதை விடவில்லை. எம்பிபிஎஸ் வரவில்லை. 7.5-ல் சென்னைப் பக்கம் தனியார் கல்லூரி ஒன்றில் பல் மருத்துவம் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. அப்போது அவள் ஹாஸ்டலில் சேர்ந்து வகுப்பும் தொடங்கியிருந்தது. மறுபடி வீட்டில் இரண்டு நாள் பேச்சு. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வரும் என்பதில் அப்பாவுக்கு ஆசை. அவள் வேண்டாம் என்றாள். மருத்துவம் என்றால் எம்பிபிஎஸ்தான் அவள் நினைத்திருந்தது, பல் மருத்துவத்தை அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை, யாராவது எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன் என்கிற மனசோடு ஐந்து வருஷம் படிக்க முடியாது என்றாள். இந்த முறை அவளே பேசினாள், நான் பேச வேண்டியிருக்கவில்லை.

முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் போனது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010 முதல் தமிழ் வழியிலும் இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸுக்கு அது கிடையாது. அவள் நோட்டைப் பார்த்தேன், ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் பென்சிலால் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள், எங்கள் பிளஸ் டூ புத்தகத்தில் இருந்த அதே சொற்கள். மின்தேக்கி, மின்தூண்டி, அலைவீச்சு. இயற்பியல் தெரியும், பெயர்தான் புதுசு என்று அவளுக்குப் புரிந்த பிறகு வேகம் வந்துவிட்டது. கணக்கில் ஒரு அரியர் விழுந்தது, இரண்டாம் செமஸ்டரோடு சேர்த்து எழுதி முடித்துவிட்டாள்.

அத்தை வீட்டுப் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள். நீட்டை மறுபடி எழுதுவதா என்று நான் கேட்டபோது, படித்துக்கொண்டே தயார் செய்ய முடியவில்லை, அதை விட்டுவிட்டேன் என்றாள். அந்த ஆசை முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியைத் தாண்டிப் பஸ் போகும்போது என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருஷம் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்கிறான். ஆனால் அவன் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்கு எந்தக் கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஹெச்ஆரில் விசாரித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறான்.

எங்கள் பள்ளியில் இந்த வருஷத்திலிருந்து ஒன்றை மாற்றுகிறோம். விருப்பப் பட்டியலைச் சுற்று தொடங்குவதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், ஒவ்வொரு பிள்ளையும் தாளில் வரிசையாக எழுதி, வீட்டில் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும். கூழ் ஃபேக்டரிக்கு வார விடுமுறை ஞாயிறு என்பதால் பெற்றோர் கூட்டமும் ஞாயிறு சாயங்காலம்தான். பதிவில் பிள்ளை கையில் இருக்கிற போன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும், ரோட்டில் இருக்கிற அப்பா நம்பர் வேண்டாம். பட்டியல் போடுகிற மூன்று நாளும் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கத் தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். லாக் செய்வதற்கு முன்னால் பிள்ளை ஒருமுறை தன் தாளையும் ஸ்கிரீனையும் வைத்துச் சத்தமாகப் படிக்கும், பக்கத்தில் நாங்கள் யாராவது ஒருவர் நிற்போம். அதற்கு வேண்டிய ஆட்களுக்கு இப்போதே முறை போட்டுவிட்டோம்.